வெலாபிக்கும் ஓர் இருக்கை

கேட் கிறீச்சிட்டால் போதும், வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

"வெலாபியா?"

"இல்லமா, நான்தான்."

"ஓ."

அந்த 'ஓ'வைக் கேட்டுக் கேட்டு நோக்வாசிக்குக் காது புளித்துவிட்டது. வேலை முடிந்து, கால் கடுக்க மேடேறி, ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் முட்டைக்கோசுமாக வந்து நிற்கிற மகளுக்கு அம்மா கொடுக்கிற வரவேற்பு அவ்வளவுதான். அந்தக் கேட்டுக்குப் பூட்டும் கிடையாது. அக்கம்பக்கத்தில் நாயைக் கட்டி, முள்கம்பி சுற்றி, மூன்று பூட்டுப் போட்டுப் படுக்கிற ஊரில் இந்த ஒரு வீடு மட்டும் எந்நேரமும் திறந்து கிடந்தது. வெலாபி வந்து தட்டிவிட்டு நிற்கக் கூடாதாம்.

அம்மா மாஷேசிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சர்ச்சில் பாட்டுக் கோஷ்டியை மிரட்டி மேய்க்கிறவள் அவள். கடையில் அழுகின தக்காளியை அடியில் போட்டுக் கட்டினால் கடைக்காரனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் நகர்வாள். மகன் செத்துப் பல வருஷம் ஆயிற்று என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். செத்தவன் இன்னும் வீடு வந்து சேரவில்லை, அதுதான் அவளுடைய வழக்கு.

வெளியில் அடிபட்டுச் செத்தவன் தானாக வீட்டுக்கு வரமாட்டான். உடம்பைக் கொண்டுவந்து புதைத்தால் மட்டும் ஆகாது, ஆளைத் தனியாகக் கூட்டி வர வேண்டும். செத்த இடத்துக்கே போய், காட்டிலந்தைக் கிளையை அந்த மண்ணில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் கிளையில் ஏறிக்கொள்வான். பிறகு வழி நெடுக அவனிடம் பேசிக்கொண்டே வர வேண்டும். இது பாலம், பார்த்து வா. இது சந்தை. இப்போது வண்டி ஏறப் போகிறோம். வண்டியில் அவனுக்கும் ஓர் இருக்கை வாங்கியாக வேண்டும். கிளையைப் பிடித்திருப்பவர் வீடு வரும்வரை வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசிவிட்டால் அவன் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவான். இறங்கினவனைத் திரும்ப எங்கே போய்த் தேடுவது?

வெலாபியைக் கூட்டி வரப் போனவர் பேகா சித்தப்பா. அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. கூடத் துணைக்குப் போனவள் நோக்வாசி. அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். கடற்கரைப் பக்கம் ஒரு கரும்புக் காட்டில்தான் உடலைப் போலீஸ் கண்டெடுத்தது. அங்கே போய்க் கூப்பிட்டார்கள். சித்தப்பா வாயாடி, பேசுவதற்கு அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? அந்த வாரம் தோற்றுப்போன கால்பந்தாட்டத்தை வெலாபிக்கு ஒரு கோல் விடாமல் விவரித்துக்கொண்டே வந்தார். வேன் வெள்ளைத் தொட்டியை நெருங்கியது. குடியிருப்புக்கெல்லாம் தண்ணீர் தருகிற அந்தப் பெரிய தொட்டியடிதான் அவர்கள் இறங்க வேண்டிய இடம். டிரைவர் பாட்டை அலறவிட்டு அதைத் தாண்டப் பார்த்தான்.

"சித்தப்பா, நம்ம ஸ்டாப்பு" என்றாள் நோக்வாசி.

"அட ஆமால்ல" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "ஐயோ, என்ன புள்ள இப்படிப் பண்ணிட்டியே" என்று முணுமுணுத்தாள். சித்தப்பா கிளையைப் பிடித்தபடி பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஆடு அடித்தார்கள். மூலிகைப் புகை போட்டார்கள். வட்டக் குடிசையில் பின்சுவரோரம் செத்துப்போன மூத்தோர் இருக்கிற இடத்தில் கிளையைச் சாய்த்து வைத்தார்கள். மாஷேசி போய் அதன்மேல் கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இதுல யாரும் இல்ல" என்றாள்.

அவள் மகளைத் திட்டவில்லை. உன்னால்தான் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து திட்டியிருந்தால் நோக்வாசியும் திருப்பிக் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவழியாக முடிந்துபோயிருக்கும். சித்தப்பாவும் செத்துப்போனார். அவர் பங்கையும் சேர்த்து இவளே சுமந்தாள். வெள்ளைத் தொட்டியடியில் தினமும் வேன் ஏறும்போதும் இறங்கும்போதும் அண்ணன் அங்கே எங்கோ நிற்கிறான் என்றே அவளுக்குத் தோன்றும். வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறான். அவனை நிறுத்திவிட்டு வந்தவள் தான்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம் ஒரு சிறிய அறை. சோபா, டீக் கெட்டில், கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டிக் காகிதம், குழந்தைகளுக்கு ஒரு காது அறுந்த பொம்மைக் கரடி. அடிபட்டவர்கள், கற்பழிக்கப்பட்டவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முதலில் வந்து உட்காருகிற இடம் அதுதான். அங்கேதான் நோக்வாசிக்கு வேலை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியே தனியாக ஒரு படிப்பு இருக்கிறது. அதைத் தபால் வழியில் படித்துத் தேறியவள் அவள். உலகத்தில் எந்த நாட்டில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு நாட்டில் அரசு வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். இன்னொரு நாட்டில் தண்டனை பற்றித் தன் மனதில் உள்ளதை நீதிபதி முன்னால் சொல்லலாம். "உங்ககிட்ட மரியாதையா நடந்துக்கணும், அது உங்க உரிமை. வழக்கு எங்க நிக்குதுன்னு கேக்கறது உங்க உரிமை. நீங்க சொல்றத அவங்க கேக்கணும், அதுவும் உங்க உரிமைமா" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்வாள். போலீஸ்காரர்கள் அவளுக்கு 'உரிமை அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான், ஆனாலும் அவள் வந்தால் நாற்காலியிலிருந்து காலை எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பாடப் புத்தகத்தில் செத்தவனுடைய தங்கைக்கென்று ஒரே ஒரு வரி இருந்தது. மறைமுகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்ற தலைப்பில், பெற்றோருக்கும் மனைவிக்கும் பிறகு, 'முதலானோர்' என்பதற்குச் சற்று முன்னால்.

ஒரு நாள் சிறைச்சாலையிலிருந்து போன் வந்தது. பேசியவள் நோமலங்கா, அங்கே கைதிகளுக்கும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற சமூகப் பணியாளர். வெலாபியைக் கொன்ற அண்ணன் தம்பி இருவரில் மூத்தவன் உள்ளேயே நோயில் செத்துவிட்டான். இளையவன் மதோதாவை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று பார்க்கப் போகிறார்கள். குடும்பம் தன் கருத்தைச் சொல்லலாம். அவனை நேரில் பார்த்தும் பேசலாம். அவனும் பார்க்கக் கேட்டிருக்கிறான்.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"நாம போக வேணாம்மா. வெளிய விடக் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்துடறேன்."

"எழுது. நான் போய்ப் பாக்கறேன்."

"அந்த மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போற?"

"கேக்கறதுக்கு ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"உனக்குத் தெரிஞ்சிருந்தா உன்கிட்டயே கேட்டிருப்பேனே" என்று சொல்லிவிட்டு மாஷேசி சோளக்கூழை வழித்துத் தின்றாள். அதற்குமேல் அவளிடம் வார்த்தை வாங்க முடியாது, சரியான கல்லுளிமங்கி.

சிறையில் அவர்களை உட்கார வைத்த அறையிலும் ஒரு சோபா, ஒரு பெட்டிக் காகிதம். தன் அறையிலுள்ள அதே நீலப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்காருவது எப்படியிருக்கும் என்று நோக்வாசிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பையில் எழுதி வைத்திருந்த அறிக்கை இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மதோதாவைக் கூட்டி வந்தார்கள். அவள் மனதில் இருந்தவன் கழுத்து தடித்த முரடன். வந்தவனுக்கு முன்மண்டை வழுக்கை. கண்ணாடி போட்டிருந்தான், ஒரு காதுப் பக்கம் நூலால் கட்டியிருந்தான். தெருவில் பார்த்தால் வழி கேட்கலாம் போலிருந்தான். அதுவே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேணாம்" என்று நோமலங்கா மெதுவாகத் தொடங்கினாள். "எப்ப நிறுத்தணும்னு தோணுதோ அப்ப நிறுத்திக்கலாம். அம்மா, நீங்க கேக்க நெனச்சதக் கேளுங்க."

மாஷேசி கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள கடைசியா என்ன பேசினான்?"

அவன் தரையைப் பார்த்தான். "தண்ணி கேட்டாம்மா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். குழாயில பிடிச்சுக் கையிலயே கொண்டு போய்க் குடுத்தேன். கொஞ்சம் குடிச்சான். மீதி சட்டையில சிந்திருச்சு."

மாஷேசி தலையை ஆட்டினாள். அந்தத் தண்ணீரை அவளே விழுங்குவது போலத் தொண்டை ஏறி இறங்கியது. அப்புறம் ஆட்டிய தலை நின்றது.

"கரும்புக் காட்டுல ஏதுடா குழாய்?"

மதோதா கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"அவன் அங்க சாகலம்மா."

விஷயம் இதுதான். வெலாபி ஓட்டி வந்த முதலாளியின் சின்ன லாரியை அண்ணனும் தம்பியும் வழிமறித்துப் பிடுங்கினார்கள். அவனை அடித்துப் பின்னால் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் விரட்டினார்கள். பாதி வழியில் எஞ்சின் கொதித்துவிட்டது. கரும்பு லாரிகளை எடை போடுகிற பழைய எடைமேடை ஒன்று வழியில் இருந்தது. தண்ணீர் ஊற்ற அங்கே நிறுத்தினார்கள். வெலாபி அங்கேதான் தண்ணீர் கேட்டான், குடித்தான், செத்தான். உடலைக் கொண்டுபோய்க் கரும்புக் காட்டில் போட்டது அதற்குப் பிறகு. எடைமேடைக் காவல்காரன் அவர்களுடைய சொந்தத் தாய்மாமன். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவனைக் காப்பாற்ற வேண்டி அண்ணன் கோர்ட்டில் எல்லாமே கரும்புக் காட்டில் நடந்ததாகச் சொன்னான். தம்பி ஆமாம் போட்டான்.

"மாமா போன குளிர்காலத்துல செத்துட்டாரு. இனிமே மறைச்சு யாருக்கு என்ன? அதான் பாக்கணும்னு கேட்டேன்" என்றான்.

நோக்வாசிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வேறொன்று வந்தது. அவன் அங்கே சாகவில்லை என்றால், கரும்புக் காட்டில் சித்தப்பா கூப்பிட்டபோது யார் வந்திருப்பார்கள்? யாரும் வந்திருக்க முடியாது. வேனில் அவ்வளவு தூரம் கொண்டு வந்தது வெறுங்கிளை. வெள்ளைத் தொட்டியடியில் அவள் பேசிய பேச்சுக்குப் பயந்து இறங்கிப்போக அந்தக் கிளையில் ஆளே இருக்கவில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் இது புரிந்திருக்கும், இல்லாமல் எப்படி? இதோ திரும்புவாள், இதோ கையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தாள். மாஷேசி மதோதாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"எந்த இடம்? சொல்லு."

"சொன்னா புரியாதும்மா. அங்க இப்ப கட்டடமெல்லாம் இடிச்சிட்டாங்களாம். நான் வந்து காட்டணும்."

"ஓ, அப்படிப் போகுதா கத?" நோக்வாசி எழுந்துவிட்டாள். "உன்ன வெளிய விட்டாத்தான் காட்டுவ. வியாபாரம் பேசறியா எங்ககிட்ட?"

"இல்ல தங்கச்சி..."

"தங்கச்சின்னு கூப்பிடாத. எனக்கு ஒரே அண்ணன்தான். நல்லாக் கேட்டுக்க, உன்ன விடக் கூடாதுன்னுதான் நான் எழுதியிருக்கேன். நீ எடத்தக் காட்டினாலும் அதத்தான் அனுப்புவேன்."

"அனுப்புங்க" என்றான் அவன். குரல் உள்ளே போயிருந்தது. "அனுப்பினாலும் காட்டறேன்."

வீடு வரும்வரை மாஷேசி வாயைத் திறக்கவில்லை. நோக்வாசி வேனில் காத்திருந்தாள், மேடேறும்போது காத்திருந்தாள், சாப்பாடு போடும்போதும் காத்திருந்தாள். 'உன்மேல தப்பில்லடி' என்று இரண்டு வார்த்தை. வேண்டாம், தலையில் ஒரு தடவு. ஸ்டேஷன் அறையில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் 'இது உங்க தப்பில்ல' என்று தினமும் எத்தனை தடவை சொல்கிறாள். அதைத் தனக்கு ஒருத்தர் சொல்லிக் கேட்க அவளுக்கு நெஞ்சு ஏங்கியது. அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனாள்.

கைதியை வெளியே கூட்டிப்போக அனுமதி கேட்டபோது மேலிடத்தில் சிரித்தார்களாம். ஆவியைக் கூப்பிடுவதற்கு எந்த விதியில் இடம் இருக்கிறது என்று கேட்டார்களாம். நோமலங்கா சங்கடத்தோடு போனில் சொன்னாள்.

"ஆவின்னு எழுதாதீங்க" என்றாள் நோக்வாசி. "தகவல்னு எழுதுங்க. குற்றம் பத்தின முழுத் தகவலும் குடும்பத்துக்குக் கெடைக்கணும்னு இருக்கா இல்லையா? அவன் செத்த எடம் தகவல்தானே? இத்தன வருஷம் எங்களுக்குத் தப்பான தகவலக் குடுத்திருக்காங்க. சரியானதக் குடுக்கச் சொல்லுங்க."

"இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றாள் நோமலங்கா. அனுமதி வந்தது.

காட்டிலந்தைக் கிளையை மாஷேசியே போய் முள் குத்தக் குத்த வெட்டி வந்தாள். சித்தப்பா இல்லாத வீட்டில் கிளை பிடிக்க மூத்தவள் அவள்தான். கிளையைச் சுற்ற வெலாபியின் பழைய சாம்பல் நிறப் போர்வையை எடுத்துக்கொண்டாள்.

எடைமேடையில் மேடை இல்லை. உடைந்த கான்கிரீட்டும் இடுப்பளவு புல்லும்தான். சிறை வண்டியிலிருந்து மதோதாவை விலங்கோடு இறக்கினார்கள். அவன் புல்லை விலக்கி விலக்கிப் போனான். நின்றான், திரும்பினான், வேறு பக்கம் போனான். இவனுக்கும் மறந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று நோக்வாசி அவன் பின்னாலேயே போனாள். கடைசியில் அவன் காலில் ஏதோ இடறியது. தரையிலிருந்து முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த குழாய், தலை இல்லாமல்.

"இதுக்கு நேரா" என்றான். "இந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தான்." சுவர் இருந்த இடத்தில் ஒரு வரிசைக் கல் மட்டும் இருந்தது.

மாஷேசி செருப்பைக் கழற்றினாள். மண்டியிட்டாள். போர்வையைப் பிரித்துக் கிளையை மண்ணில் வைத்தாள்.

"வெலாபி. ஹதேபே குலத்துப் புள்ளையே. நான் அம்மா வந்திருக்கேன். எடம் தெரியாமப் போச்சுடா கண்ணு, அதான் இவ்வளவு நாளாச்சு. தாகமா இருக்கும் உனக்கு. எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

மதோதா முகத்தைத் திருப்பிக்கொண்டான். காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாஷேசி கிளையைப் போர்வையோடு வாரி எடுத்து மார்போடு பிடித்தபடி எழுந்தாள்.

கூட வந்த போலீஸ் ஜீப்பில் வீடுவரை விட்டுவிடுகிறோம் என்றார்கள். மாஷேசி அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கிளையிடம் சொன்னாள். "போலீஸ் வண்டி வேணாம்டா. ஒரு தடவ பந்து ஜன்னல்ல பட்டதுக்கு உன்னப் பிடிச்சு ஏத்தினாங்களே, அன்னிக்கு நீ அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல இருக்கு. நாம வேன்லயே போவோம்."

வேன் நிற்கும் இடத்தில் நோக்வாசி மூன்று பேருக்கும் கட்டணம் கொடுத்தாள்.

"ரெண்டு பேர்தானே இருக்கீங்க?" என்றான் டிரைவர், காதில் பென்சில் செருகிய இளவட்டம். அப்புறம் போர்வைக்கு வெளியே நீட்டிய முள்ளைப் பார்த்தான். மறுபேச்சு இல்லாமல் ரேடியோவை அணைத்தான். கூடையில் கோழியோடு ஏறிய ஒரு பெண் காலி இருக்கையில் உட்காரப் போனபோது, "அங்க ஆள் இருக்கு, பின்னால போங்கக்கா" என்றான். அவளும் கேள்வி கேட்காமல் பின்னால் போனாள்.

ஜன்னலோரம் நோக்வாசி, அந்த ஓரம் மாஷேசி, நடுவில் வெலாபி.

"வண்டி கெளம்பிடுச்சு" என்று தொடங்கினாள் மாஷேசி. "இது பாலம். கீழ ஆத்துல தண்ணி இல்ல, மழையே இல்ல இந்த வருஷம். பேகா சித்தப்பா செத்துட்டாரு, வீட்டுல மூத்தோரோட இருப்பாரு. பேச்ச நிறுத்தியிருக்க மாட்டாரே? அது உன் பள்ளிக்கூடம், மாடி கட்டிட்டாங்க பாரு. நீ ஒடச்ச ஜன்னலுக்கு இன்னும் அட்டதான் வெச்சிருக்காங்க."

கோழிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாஷேசி அதைக் கவனிக்கவே இல்லை.

"பக்கத்துல உக்காந்திருக்கிறது நோக்வாசி. உனக்கு அடையாளம் தெரியாது. நீ போறப்ப உன் சட்டையப் போட்டுக்கிட்டு முழங்கால் தெரியத் திரிஞ்சிட்டிருந்தா. இப்ப வேலைக்குப் போறா. போலீஸ் ஸ்டேஷன்லதான், ஆனா போலீஸ் இல்ல, நீ பயப்படாத. அடிபட்டு வர்றவங்களுக்கு டீ போட்டுக் குடுத்து ஆறுதல் சொல்றா. ஊருக்கெல்லாம் சொல்றா. அவளுக்கு ஒருத்தரும் சொல்லல. நான் சொல்லல."

நோக்வாசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எதுவும் தெரியவில்லை.

"சித்தப்பா அன்னிக்குக் கொண்டு வந்தது வெறுங்கிளைடா. அவ பேசினதால நீ எறங்கிப் போகல. நீ ஏறவே இல்ல. அந்தக் கொழாயடியிலயே உக்காந்திருந்த. ஜெயில்ல அவன் சொன்ன நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா அவ மொகத்தப் பாக்கத் தைரியம் வரல. அத்தன வருஷத்தையும் அவ தலைல கட்டிட்டு, ஒரே வார்த்தையில எப்படிடா எறக்கி வெக்கிறது? ஒரு நாள் திட்டியிருக்கலாம். திட்டாம வெச்சே அவளக் கொன்னுட்டேன். அவ சாயங்காலம் வந்து கேட்டத் தொறப்பா. நான் உன் பேரச் சொல்லுவேன். நான்தான்மான்னுவா. ஒரு நாளும் அவ பேர நான் சொன்னதில்ல வெலாபி. நீ சொல்லு அவகிட்ட. எனக்கு வாய் வராது, நீ சொல்லு."

அம்மா என்று கூப்பிட நோக்வாசியின் வாய் துடித்தது. கூப்பிட்டால் அம்மா பழக்கத்தில் 'என்னடி' என்று திரும்பிவிடுவாள். அப்புறம் எல்லாம் போச்சு. தலைத்துணியின் முனையை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூட வெளியே வரக் கூடாது. பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் பட்டது. கோழிக்காரப் பெண்ணுடையது. அது அங்கேயே இருந்தது.

மேட்டு வளைவில் திரும்பியதும் வெள்ளைத் தொட்டி தெரிந்தது.

டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏறும்போது இறங்கும் இடத்தைச் சொல்ல மறந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டி நெருங்கி வந்தது. 'நிறுத்துங்க' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். டிரைவரிடம் அவள் பேசலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதே இடம், அதே மேடு. இங்கே வாயைத் திறந்துதான் எல்லாம் போனது என்று அத்தனை வருஷம் நம்பிய வாய் அது. உண்மை தெரிந்துவிட்டால் மட்டும் உடனே திறந்துவிடுமா?

"வெலாபி" என்றாள் மாஷேசி. குரல் நிதானமாக இருந்தது. "வெள்ளத் தொட்டி வந்திருச்சு பாரு. நம்ம எடம். இப்ப உன் தங்கச்சி வண்டிய நிறுத்தச் சொல்லுவா. நீ திடுக்கிடாத. அவ குரல்தான்டா அது. அந்தக் குரல் சொன்னாத்தான் நாம எறங்கணும்."

நோக்வாசி துணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"தொட்டிகிட்ட நிறுத்துங்க."

அவள் போட்ட சத்தத்தில் கூடையிலிருந்த கோழி படபடத்தது. வேன் நின்றது. மாஷேசி கிளையை அணைத்தபடி மெதுவாக இறங்கினாள். "கால் வை, படி உசரம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். வேனில் இருந்தவர்கள் எல்லோரும் அவர்கள் இறங்கி முடிக்கும்வரை எழுந்து குனிந்து நின்றார்கள்.

ஆடு அடித்தார்கள், புகை போட்டார்கள். பின்சுவரோரம் கிளையை வைத்துவிட்டு மாஷேசி அதன்மேல் கை வைத்தாள். இந்த முறை எதுவும் சொல்லவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். நோக்வாசி போர்வையை எடுத்து மூடிவிட்டாள்.

அவள் தன் அறிக்கையை அனுப்பத்தான் செய்தாள். மதோதாவை இப்போது விடக் கூடாது என்றுதான் அதில் இருந்தது. 'இவனால் என் அண்ணன் இன்னும் வீடு வந்து சேரவில்லை' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டாள். மற்றதை மாற்றவில்லை. இடத்தைக் காட்டினான் என்பதையும் கீழே சேர்த்தாள், அது நடந்தது, அதனால்.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனாள். சாயங்காலம் தொட்டியடியில் இறங்கினாள். அங்கே யாரும் நிற்கவில்லை. ரொட்டியும் முட்டைக்கோசுமாக மேடேறி வந்து கேட்டைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டது.

"நோக்வாசியா?"

"இல்லமா..." என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

"இல்லையா? அப்ப யாரு?"

ரொட்டி கையிலிருந்து நழுவியது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"நான்தான்மா. நோக்வாசிதான்."

"அதான பாத்தேன்" என்றது உள்ளேயிருந்து குரல். "கதவுக்குப் பின்னால புதுப் பூட்டு மாட்டி வெச்சிருக்கேன் பாரு. கேட்டப் பூட்டிட்டு வா. எல்லாரும் வந்தாச்சு."